குறிப்புக் கட்டத்தில் பாப்பம்மா

முதுகுக்குப் பின்னால் என்னைப் "போலீஸ் மிஸ்" என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகிற வீதியில் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் தலைமைத் தாதி. பெயர் பஸ்லா. எங்களிடம் பதினெட்டுக் கட்டில்கள், ஐந்து தாதியர், ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி என்னிடம், மற்றது என்னோடு கடமையில் இருக்கும் தாதியிடம். ஒருவருடைய சாவியை மற்றவர் தொடக் கூடாது. உள்ளே மோர்பின் மாத்திரைகளும் பென்டனில் பேட்ச்களும் இருக்கின்றன. பேட்ச் என்பது தோலில் ஒட்டுகிற மருந்து. தீப்பெட்டி அளவுகூட இல்லாத மெல்லிய ஒட்டு, ஆனால் மூன்று நாளைக்கு வலியைக் கட்டிப்போடும். அதை எடுக்கும்போது இருவர் பார்த்து, இருவர் எண்ணி, இருவர் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். ஒட்டியதும் அதன் மேல் பேனாவால் திகதியும் நேரமும் எழுத வேண்டும். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு என்று கடமை மாறும் ஒவ்வொரு வேளையும், வருகிறவரும் போகிறவரும் சேர்ந்து நோயாளியின் சட்டையை விலக்கி, ஒட்டியது ஒட்டிய இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கழற்றியதையும் சும்மா குப்பையில் போட முடியாது. மூன்று நாளுக்குப் பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். மடித்து, எண்ணி, எழுதித்தான் அழிக்க வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதம் இதற்காக என்னை மனதுக்குள் திட்டுவார்கள். சதீஸ்குமார் வாய்விட்டே திட்டினான். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து தாதியாகப் படித்து வந்தவன். நோயாளியைத் தூக்கினால் பஞ்சைத் தூக்குவதுபோல் தூக்குவான். பேனாவைக் கையில் கொடுத்தால் மட்டும் முகம் கோணிவிடும்.

"மிஸ், காலையில பார்த்தது பகலைக்கு எங்க ஓடிறப் போகுது?" என்று கேட்பான்.

"ஓடாதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா தம்பி?" என்பேன். அதற்கும் எழுத வேண்டுமா என்று தலையைச் சொறிவான்.

நான் சொல்லப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பகல் தொழுகையை முடித்துக்கொண்டு சரியாக ஒரு மணிக்கு வார்டுக்குள் வந்தேன். காலைக் கடமையில் இருந்தவன் சதீஸ்குமார். இருவரும் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே ஆறாவது கட்டிலுக்கு வந்தோம்.

ஆறாவது கட்டில் முத்துவீரனுடையது. எழுபத்தொரு வயது. தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவர். புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. எங்களிடம் வந்தபோது இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தார். பேட்ச் ஒட்டத் தொடங்கிய நாலு மாதமாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார், சிரிக்கிறார், சதீஸ்குமாரோடு கிரிக்கெட்டும் பேசுகிறார். மனைவி இல்லை. ஒரே மகன் டோஹாவில். ஞாயிறு தவறாமல் வருகிறவர் தங்கை பாப்பம்மா மட்டும்தான். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஐம்பத்தெட்டு வயதிலும் கொழுந்து எடுக்கிறார். இரண்டு பஸ் மாறி, ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார். அன்றும் எட்டரைக்கு வந்து, பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டிருந்தார்.

முத்துவீரன் நாங்கள் சொல்வதற்கு முன்பே சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டுகிற ஆள். அன்று கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மாத்தளைப் பகல் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே மற்றவர்கள் எல்லாம் விசிறிக்கொண்டிருக்கும்போது இவருக்கு மட்டும் போர்வை.

"குளிரா?" என்றேன்.

"லேசாங்க மிஸ்."

போர்வையை விலக்கினேன். இடது நெஞ்சில், காறையெலும்புக்குக் கீழே, பேட்ச் இருந்த இடத்தில் நாலு மூலைச் சதுரமாகத் தோல் மட்டும் சிவந்து தெரிந்தது. பேட்ச் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் சதீஸ்குமாரும் ஒட்டியது. அன்று காலை ஏழு மணிக்கு இருந்தது என்று அவனுடைய ஒப்பம் இருக்கிறது.

"எங்க போச்சு?" என்று முத்துவீரனைக் கேட்டேன்.

"தெரியலைங்களே. கழண்டு விழுந்திருக்கும்." என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

கட்டிலைப் புரட்டினோம். தலையணை உறையைக் கழற்றி உதறினோம். சலவைக்குப் போன விரிப்புகளைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். குளியலறை வடிகால், குப்பைக் கூடை, நாங்கள் போட்டிருந்த செருப்புகளின் அடி எல்லாம் பார்த்தோம். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

இதற்குள் இல்லத்தின் முகாமையாளர் ஜவாஹிர் ஹாஜியார் சத்தம் கேட்டு வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் இல்லத்தின் பெயருக்கு ஒரு கறை விழும் என்றால் அவருக்கு நித்திரை வராது.

"பஸ்லா, இத ஏன் இவ்வளவு பெரிசா எடுக்கிற? ஒட்டின சாமான்தானே. உடம்பு கழுவக்குள்ள தண்ணியோட போயீக்கும். டொக்டர்ட்டக் கேட்டு வேற ஒண்ட ஒட்டிட்டு, விழுந்திட்டுண்டு எழுதுங்க. முடிஞ்சிச்சு."

"விழுந்தத யாரு பார்த்த?"

"யாரும் பார்க்கல்ல."

"அப்ப எப்பிடி எழுதுற?"

சதீஸ்குமார் பக்கத்தில் பேனாவோடு நின்றான். "மிஸ், நான் சைன் வைக்கிறேன்" என்றான் மெதுவாக. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது.

"கண்ணால காணாததுக்கு நீங்க சைன் வச்சா, நாளைக்கு ஒங்கட சைனுக்கு இந்த அலமாரியில என்ன மதிப்பு? பேனாவ மூடுங்க" என்றேன். ஹாஜியாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டார்.

பிறகு நான் செய்ததுதான் எல்லோருக்கும் அதிகப்படியாகத் தெரிந்தது. கழன்ற பேட்ச் இன்னொருவர் உடம்பில் ஒட்டிக்கொள்வது உண்டு. அதனால் வார்டில் இருந்த ஒவ்வொருவரையும், பெண்கள் பக்கத்தில் திரையை இழுத்துவிட்டு, முதுகு, கை, கால் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். முத்துவீரன் தலையை மட்டும் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கட்டிலைக் கடந்தபோது கூப்பிட்டார்.

"மிஸ், எல்லாரையும் எதுக்குங்க பார்க்கிறீங்க?"

"வேற யாருட உடம்பிலயாவது ஒட்டியிருக்கான்னு."

"ஒட்டினா... கெடுதலாங்க?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒங்கட உடம்பு நாலு மாசமா இதுக்குப் பழகினது. கொஞ்சத்திலயிருந்து கொஞ்சம் கொஞ்சமா கூட்டித்தான் ஒங்களுக்கு இந்த அளவு. பழகாத ஆளுக்கு இத ஒட்டினா முதல்ல தூக்கம் வரும். பொறகு மூச்சுக் குறையும். பொறகு நின்டுரும்."

போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சியத் திருடின்னு சொல்லிறாதீங்க மிஸ். நான்தான் குடுத்தேன். தோள்பட்டையத் தூக்க முடியாம ஒத்தக் கையால ரொட்டியப் பிச்சுக் குடுத்துச்சு. கொழுந்து சொமந்து சொமந்து போன தோளுங்க. எனக்குத்தான் நல்லாயிருக்கே, ரெண்டு நாளைக்கு நீ போட்டுக்கன்னு நானே உரிச்சு ஒட்டிவிட்டேன். அது வேணாம்னுதான் சொல்லுச்சு. எனக்கு அதுக்குக் குடுக்க வேற என்னாங்க இருக்கு?"

அந்த நிமிடத்தில் எனக்கு யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? என் மேல்தான். தாதியர் எல்லோருக்கும் இந்த விதியைக் கரைத்துப் புகட்டியிருக்கிறேன். சமையற்காரருக்கும் சலவைக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிற மனிதருக்கு மட்டும், வலி போகும் என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அழுது தீர்க்க நேரமில்லை. பார்வையாளர் புத்தகத்துக்கு ஓடினேன். அதிலும் என் கெடுபிடி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணோடு, அது கிடைக்காவிட்டால் கூப்பிட இன்னொருவருடைய எண்ணையும் எழுத வேண்டும். இதென்ன கலியாணத்துக்குப் பெண் பார்க்கவா வந்திருக்கிறோம் என்று கேலி செய்யாதவர் இல்லை. பாப்பம்மாவின் எண் வேலை செய்யவில்லை. இரண்டாவது எண்ணுக்கு எடுத்தேன். அது கமலாட்சி என்ற பெண்ணுடையது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பாப்பம்மாவுக்கு அடுத்த அறை.

"அக்காவா? பன்னெண்டு மணி போல வந்தாங்க. தோளுக்கு உப்ப வறுத்து ஒத்தடம் வச்சுக்கிட்டுப் படுத்தாங்க. நல்லாத் தூங்குறாங்க. எழுப்பவா?"

சூடு. அந்த மருந்துக்கு மேல் சூடு வைத்தால் அது உடம்புக்குள் பாயும் வேகம் பன்மடங்காகும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு மணி. பேட்ச் பாப்பம்மாவின் தோளில் ஏறி நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"எழுப்புங்க. இப்பவே. போனக் கட் பண்ணாம போங்க."

போனில் நடக்கிற சத்தம், கதவு தட்டுகிற சத்தம், பிறகு "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கமலாட்சி திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"கண்ணத் தொறக்கிறாங்க, திரும்ப மூடிக்கிறாங்க மிஸ். வாந்தி எடுத்திருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைக் குரலில் காட்டவில்லை. ஒத்தடத்தைத் தூக்கி எறியச் சொன்னேன். கையில் ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு தோளில் இருக்கிற ஒட்டை ஓரத்தில் பிடித்து உரித்து, ஒட்டுகிற பக்கம் உள்ளே போக மடித்து, மூடியுள்ள ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும், சவர்க்காரம் போடக் கூடாது என்றேன். கமலாட்சி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"இப்ப அவட நெஞ்சப் பாருங்க. ஏறி இறங்குறத சத்தமா எண்ணுங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

என் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் முடிந்தபோது அவர் ஏழில் நின்றார். பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது ஏழு.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. கையக் கிள்ளுங்க. மூச்சு எடுங்கன்னு சொல்லுங்க. தூங்க விட்டுறாதீங்க."

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சதீஸ்குமார் மற்றப் போனில் 1990க்கு அடித்து அம்பியுலன்ஸைப் பிடித்திருந்தான். அந்தத் தோட்டத்துக்கு அவன் ஒருமுறை கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறான். லயம் வரைக்கும் வாகனம் ஏறாது, கோயில் சந்தியில் நில்லுங்கள், ஆட்களை அங்கே தூக்கி வரச் சொல்கிறோம் என்று சிங்களத்தில் வழி சொன்னான். நான் அதைக் கமலாட்சிக்குச் சொன்னேன். லயத்து ஆண்கள் நாலு பேர் ஒரு கதிரையில் பாப்பம்மாவை உட்காரவைத்துத் தூக்கினார்கள். அவர்கள் சந்திக்குப் போய்ச் சேரும் வரைக்கும் போனில் கமலாட்சியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா, மூச்சு எடுங்க. அக்கா, மூச்சு எடுங்க." ஹாஜியார் என் மேசைக்கு எதிரே நின்று துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வைத்தியசாலையிலிருந்து ஒரு டொக்டர் எடுத்தார். அம்பியுலன்ஸ்காரர்கள் என் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். என்ன மருந்து, எத்தனை மைக்ரோகிராம், முதலில் எப்போது ஒட்டியது, இந்த அம்மாவுக்கு எப்போது மாறியது என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து விரலை வைத்து வாசித்தேன். பென்டனில், ஐம்பது மைக்ரோகிராம், சனிக்கிழமை காலை எட்டு மணி, தொகுதி எண் இன்னது, ஞாயிறு காலை ஏழுக்கு நோயாளியின் நெஞ்சில் இருந்தது, பத்துக்கு முன் கை மாறியது, பன்னிரண்டரை அளவில் சூடு. டொக்டர், இவ்வளவு தெளிவாக யாரும் தனக்குச் சொன்னதில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஐந்து மணிக்கு மீண்டும் எடுத்தார். மாற்று மருந்து ஏற்றியாயிற்று, மூச்சு சீராகிவிட்டது, கண்ணைத் திறந்து அண்ணனைக் கேட்கிறார், இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் வேறு கதை என்றார்.

நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது சதீஸ்குமார் மோட்டார் சைக்கிள் சாவியோடு நின்றான்.

"அந்தப் பேட்ச் டப்பாவையும் கூடவே கொண்டு போயிருக்காங்க, ஆஸ்பத்திரி வார்ட்லதான் இருக்காம் மிஸ். போய் எடுத்திட்டு வாறேன். நம்ம புத்தகத்துல அந்த வரி இன்னும் தெறந்துதானே கெடக்கு."

நான் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான். இருபது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அந்த வாக்கியத்துக்கு முன்னால் அவை ஒன்றுமில்லை.

பால்மா டப்பாவில் வந்தது பேட்ச். பிரித்துப் பார்க்கவில்லை. வெளிப்பக்கத்தில் சனிக்கிழமை, எட்டு மணி என்ற என் கையெழுத்துத் தெரிந்தது. இருவரும் எண்ணி, எழுதி, ஒப்பமிட்டோம். பிறகு நான் சம்பவ அறிக்கையை எழுதினேன். ஹாஜியார் வாசித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பேட்ச் பற்றி நோயாளிக்கு விளக்கம் கொடுக்கப்படவில்லை. தவறு தலைமைத் தாதியுடையது. இத ஏன் பஸ்லா எழுதின? யாரும் கேக்கல்லயே."

"நடந்தத எழுதுறதுக்குத்தானே ஹாஜியார் அந்தத் தாள்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் ஒப்பத்தையும் அடியில் போட்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முத்துவீரன் முடிக்கவிடவில்லை. டொக்டர் சொன்னபடி மாலையில் புதிய பேட்ச்சோடு போனபோது நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டார். "வேணாங்க மிஸ். என் தங்கச்சியக் கொல்லப் பார்த்த சாமான் என் ஒடம்புல ஒட்ட வேணாம்." மாத்திரையையும் தள்ளிவிட்டார். கெஞ்சினேன், அதட்டினேன், சதீஸ்குமாரை விட்டுப் பேசவைத்தேன். அசையவில்லை. தோலுக்குள் மிச்சம் இருந்த மருந்து விடியும்போது தீர்ந்தது. திங்கள் காலை அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நாலு மாதத்துக்கு முன் கேட்ட அதே முனகல் வார்டு முழுக்கக் கேட்டது. வேண்டாம் என்கிற மனிதருக்கு வலுக்கட்டாயமாக ஒட்ட எனக்கு உரிமை இல்லை. எந்த விதியும் கைகொடுக்காத இடத்தில் நான் நின்றேன்.

பகல் ஒரு மணிக்கு, கடமை மாறும் நேரத்தில், கமலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பம்மா வந்தார். வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் நேராக இங்கேதான். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அண்ணனின் முனகலை வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவினார்.

"என்னாண்ணே இது. நான் சாகலையே. நீ ஏன் செத்துக்கிட்டு இருக்க?"

"நான் ஒனக்கு எமனாப் போயிட்டேன் பாப்பா."

"எமனா? பொறந்ததுல இருந்து நீ எனக்குக் குடுத்ததுல இது ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்கல. இது ஒனக்குள்ளது. எனக்கு இல்ல. மிஸ் வெளங்கப்படுத்துவாங்க, ரெண்டு பேரும் ஒக்காந்து கேப்பம்."

நான் விளங்கப்படுத்தினேன். எப்படி வேலை செய்கிறது, யாருக்கு மருந்து, யாருக்கு நஞ்சு, சூடு ஏன் கூடாது, கழன்றால் யாரைக் கூப்பிட வேண்டும். நாலு மாதத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முத்துவீரன் வலிக்கு நடுவே கண்ணை மூடாமல் கேட்டார். பிறகு, பழையபடி, தானே பொத்தானைக் கழற்றினார்.

நானும் சதீஸ்குமாரும் இரண்டு சாவியும் போட்டு அலமாரியைத் திறந்தோம், எண்ணினோம். பாப்பம்மா அண்ணனின் கையைப் பிடித்திருக்க, வலது நெஞ்சில் ஒட்டி, மேலே திங்கட்கிழமை, ஒன்று இருபது என்று எழுதினேன். பேட்ச் வேலை செய்யும்வரை மோர்பின் மாத்திரை ஒன்றும் கொடுத்தோம். அதையும் வாங்கி விழுங்கினார். பதிவேட்டில் ஒட்டியவர் என்ற இடத்தில் நானும், சாட்சி என்ற இடத்தில் சதீஸ்குமாரும் ஒப்பமிட்டோம்.

"நானும் பார்த்தேனே மிஸ்" என்றார் பாப்பம்மா. "நானும் ஒரு கையெழுத்து வைக்கவா?"

சதீஸ்குமார் என்னைப் பார்த்தான். சாட்சிக் கட்டம் தாதிக்கு மட்டும். அதை நான் யாருக்காகவும் மாற்றமாட்டேன். ஆனால் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் யார் பெயர் இருக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிப் பேனாவைக் கொடுத்தேன். வலிக்கிற தோளோடு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பாப்பம்மா என்று எழுதினார். மாலைக்குள் முத்துவீரன் உட்கார்ந்து ரொட்டி தின்றார்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்த அதிகாரி பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். கூட்டலிலும் கழித்தலிலும் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. ஓரிடத்தில் மட்டும் விரலை வைத்து, இது எந்தத் தாதியின் ஒப்பம் என்று கேட்டார். ஹாஜியார் பேயறைந்தவர் போல என்னைப் பார்த்தார்.

"தாதி இல்ல சேர்" என்றேன். "நாங்க இந்தப் புத்தகத்த ஒழுங்கா எழுதினதால உயிரோட இருக்கிற ஆள்."